மின்சார சைக்கிளுக்கும் குறைவேக ஸ்கூட்டருக்கும் சரியான பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மின்சார சைக்கிளோ, பதிவெண் தேவைப்படாத குறைவேக ஸ்கூட்டரோ வைத்திருப்பவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தே தீரும் பெரிய செலவு பேட்டரிச் செலவுதான். மோட்டார் நெடுநாள் ஓடும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் கெட்டால் மாற்றிவிடலாம். பேட்டரி தேய்ந்துவிட்டால் மட்டும் நல்ல வண்டியும் ஓரங்கட்டப்படுகிறது. அப்படியிருந்தும் பலர் கடைக்குப் போய், “எத்தனை கிலோமீட்டர் போகும்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. முதலில் நம் தேவையை வாட்-மணியில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பிறகு, வாங்கப்போகும் பேக்கில், அதாவது பல சிறு செல்களை இணைத்துக் கட்டிய பேட்டரியில், அத்தனை வாட்-மணி உண்மையிலேயே இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய படிப்பு தேவையில்லை, ஒரு கால்குலேட்டரும் ஒரு தராசும் போதும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்தியாவில் மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்கும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் பெற்ற வண்டிகள் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. இங்கே சொல்லப்படுவது அத்தகைய வண்டிகளுக்கும், சாதாரண சைக்கிளில் மோட்டார் கிட் பொருத்தி ஓட்டுபவர்களுக்கும் உரியது. பதிவெண் பெற்ற வேகமான ஸ்கூட்டர் என்றால், அதன் பேட்டரியும் சேர்த்தே ஒப்புதல் பெறப்பட்டிருக்கும் என்பதால், தயாரிப்பாளர் தரும் பேட்டரியைத் தவிர வேறெதையும் பொருத்தாமல் இருப்பதே சட்டத்துக்கும் காப்பீட்டுக்கும் நல்லது.

தேவையைக் கணக்கிடுதல்

பேட்டரியின் மேல் வோல்ட் என்றும் ஆம்பியர்-மணி என்றும் இரண்டு எண்கள் இருக்கும். இவற்றில் எதுவும் தனியாக நின்று நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் வாட்-மணிதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஆற்றலின் அளவு. 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரியில் 504 வாட்-மணி இருக்கிறது. 48 வோல்ட், 10.4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 499 வாட்-மணி இருக்கிறது. ஆம்பியர்-மணியை மட்டும் பார்ப்பவருக்கு முதலாவது பெரிதாகத் தெரியும்; தூரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பது ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. சமதளச் சாலையில் நன்றாகப் பெடல் மிதித்து, மோட்டாரைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்பவருக்கு 8 முதல் 12 வாட்-மணி வரை ஆகும். பெடலே மிதிக்காமல் த்ராட்டிலைத் திருகியே செல்பவருக்கு 15 வாட்-மணி வரை ஆகலாம். ஒருவர் மட்டும் செல்லும் குறைவேக ஸ்கூட்டருக்கு 20 முதல் 25 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளலாம்; பின்னால் ஒருவர் அமர்ந்தாலும், டயரில் காற்றுக் குறைந்தாலும், எதிர்க்காற்று அடித்தாலும் இது கூடும்.

வேலைக்குப் போய்வர 18 கிலோமீட்டர், மாலையில் கடைக்கும் டியூஷனுக்குமாக 4 கிலோமீட்டர் என்று நாளொன்றுக்கு 22 கிலோமீட்டர் சைக்கிளில் செல்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் பெரும்பாலும் த்ராட்டிலிலேயே ஓட்டுகிறார் என்றால் ஒரு நாள் செலவு 330 வாட்-மணி. இதோடு நிறுத்தி 330 வாட்-மணி பேட்டரியை வாங்கினால் அது முதல் நாள் மட்டுமே சரியாக இருக்கும். லித்தியம் பேட்டரியை அன்றாடம் அடிமட்டம் வரை இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 20 சதவீதத்தை எப்போதும் மிச்சம் வைக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் கொள்ளளவு தேய்ந்து 80 சதவீதமாகும்போதும் வண்டி வீடு திரும்ப வேண்டும். ஆகவே 330ஐ 0.8ஆல் ஒருமுறையும், கிடைத்ததை மறுபடியும் 0.8ஆலும் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 515. மேலே சொன்ன 500 வாட்-மணி பேட்டரிகளில் ஒன்று இவருக்குப் பொருந்தும். 1,000 வாட்-மணி பேட்டரி இவருக்குத் தேவையற்ற எடையும் தேவையற்ற செலவும் ஆகும். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் குறைவேக ஸ்கூட்டரில் செல்பவருக்கு கிலோமீட்டருக்கு 22 வாட்-மணி என்று வைத்தால் இதே கணக்கில் 860 வாட்-மணி வரும். 60 வோல்ட், 15 ஆம்பியர்-மணி பேக் அவருக்கு அளவானது.

ஏற்காடு, கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் ஓட்டுபவர்கள் ஏற்றத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 150 கிலோ எடையை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு மட்டுமே சுமார் 41 வாட்-மணி தேவை. மோட்டாரிலும் கண்ட்ரோலரிலும் வீணாவதைச் சேர்த்தால் 50க்குக் குறையாது. சமவெளியில் சைக்கிள் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடக்கூடிய ஆற்றல் அது. இறக்கத்தில் இதைத் திரும்பப் பெறும் வசதி பெரும்பாலான சைக்கிள் கிட்களில் கிடையாது.

வோல்டில் விளையாடக் கூடாது

வோல்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. கண்ட்ரோலர் என்ன கேட்கிறதோ அதையே தர வேண்டும். கண்ட்ரோலரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் வோல்டும், எத்தனை வோல்டுக்குக் கீழே இறங்கினால் அது நின்றுவிடும் என்பதும், அதிகபட்ச ஆம்பியரும் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்குப் போவதற்கு முன் அந்தச் சீட்டைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேகம் கூடும் என்று சொல்லி 36 வோல்ட் வண்டியில் 48 வோல்ட் பேட்டரியைப் பொருத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். 48 வோல்ட் என்று விற்கப்படும் லித்தியம் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 54.6 வோல்ட் காட்டும். 36 வோல்ட் கண்ட்ரோலர்கள் பலவற்றில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் 50 வோல்ட் வரைதான் தாங்கும். கண்ட்ரோலர் புகைந்துபோவது ஒருபுறம் இருக்க, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் பதிவு தேவையில்லை என்ற சலுகையும் போய்விடுகிறது.

ஈய-அமில பேட்டரிகளை எடுத்துவிட்டு லித்தியம் பொருத்த நினைக்கும் ஸ்கூட்டர்காரர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. எல்எஃப்பி என்று சுருக்கமாக அழைக்கப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றின் வோல்ட் 3.2. நான்கு செல்களை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட், இது ஒரு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு மிக நெருக்கமானது. ஐந்து பழைய பேட்டரிகள் இருந்த 60 வோல்ட் ஸ்கூட்டரில் 20 எல்எஃப்பி செல் வரிசை கொண்ட பேக்கும், நான்கு இருந்த 48 வோல்ட் ஸ்கூட்டரில் 16 செல் வரிசை கொண்ட பேக்கும் கண்ட்ரோலரை மாற்றாமலே பொருந்தும். ஆனால் எல்எஃப்பியின் வோல்ட் கடைசி வரை பெரிதாக இறங்காது என்பதால், வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சார்ஜ் முள் நெடுநேரம் முழுதாகக் காட்டிவிட்டு, திடீரென்று காலி என்று காட்டும். வழியில் நிற்க நேராமல் இருக்க, உள்ளே போகும் வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணிக் கணக்கிடும் மீட்டர் ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டும்.

எந்த வேதியியல்?

ஈய-அமிலம், என்எம்சி, எல்எஃப்பி என்று மூன்று வகைகள் நம் கடைகளில் கிடைக்கின்றன.

ஈய-அமிலத்தின் ஒரே பலம் விலை. ஒரு 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு ஏழு கிலோ எடை இருக்கும். ஐந்து சேர்ந்தால் முப்பது கிலோவைத் தாண்டும். வேகமாக மின்சாரத்தை எடுக்க எடுக்க அதன் கொள்ளளவும் சுருங்கும் என்பதால், மேட்டில் ஏறும் ஸ்கூட்டருக்கு அச்சிட்ட 20 ஆம்பியர்-மணி முழுதாகக் கிடைப்பதில்லை. அன்றாடம் ஆழமாக இறக்கினால் சுமார் 300 முறை சார்ஜ் செய்வதற்குள் தளர்ந்துவிடும். வாரத்தில் ஓரிரு முறை மட்டும் அருகில் போய்வருபவரைத் தவிர மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி செல்கள் எடை குறைந்தவை. ஒரு செல்லின் வோல்ட் 3.6 அல்லது 3.7, முழுதாக ஏறினால் 4.2. சைக்கிள் சட்டத்தின் சாய்ந்த கீழ்க் குழாயான டவுன் டியூபில் பூட்டும் ஒல்லியான பேட்டரிகளில் பெரும்பாலும் இவையே இருக்கின்றன. மாடிக்குத் தூக்கிச் சென்று சார்ஜ் போட வேண்டியவருக்கு இந்த எடைக் குறைவு பெரிய உதவி. 500 முதல் 1,000 முறை வரை முழு சார்ஜ் தாங்கும். வெப்பத்தை இது எல்எஃப்பி அளவுக்குத் தாங்குவதில்லை, தீப்பற்றினால் அணைப்பதும் கடினம்.

எல்எஃப்பி எடை கூடியது. இடமும் கூடுதலாகக் கேட்கும். பதிலுக்கு 2,000 முறைக்கு மேல் சார்ஜ் தாங்குகிறது. அதிக வெப்பநிலை வரை நிலைகுலையாமல் இருக்கிறது. இந்தப் பொருளைப் பேட்டரியில் பயன்படுத்தலாம் என்று 1997இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விஞ்ஞானி ஜான் குடினஃபுடன் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி என்ற இருவரின் பெயர்களும் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரிலும் மதுரையிலும் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டருக்கு, இருக்கைக்கு அடியில் இடம் இருக்கும்வரை, எல்எஃப்பிதான் என் தேர்வு. சைக்கிளுக்கு மட்டும் எடையை முன்னிட்டு என்எம்சியை ஏற்றுக்கொள்ளலாம், பேக்கைக் கழற்றி நிழலில் வைக்கும் பழக்கம் இருந்தால்.

ஆம்பியரும் பிஎம்எஸ்ஸும்

250 வாட் மோட்டார் என்று எழுதியிருந்தாலும், 36 வோல்ட் கண்ட்ரோலர் மேட்டில் 15 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த நேரத்தில் பேட்டரி 500 வாட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கும். பேக்கின் உள்ளே செல்கள் வரிசையாகவும் பக்கவாட்டிலும் இணைக்கப்பட்டிருக்கின்றன. வரிசை வோல்டைத் தருகிறது, பக்கவாட்டு இணைப்பு ஆம்பியரைப் பகிர்ந்துகொள்கிறது. 36 வோல்ட் பேக்கில் 10 வரிசை இருக்கும். பக்கவாட்டில் நான்கு செல்கள் இருந்தால் ஒவ்வொன்றும் 3.75 ஆம்பியரைச் சுமக்கும்; இரண்டே செல்கள் இருந்தால் ஒவ்வொன்றும் 7.5 ஆம்பியரைச் சுமந்து சூடேறும். கத்திப்பாரா மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் பாதி வழியில் வண்டி அணைந்து, சற்று நின்றால் மீண்டும் உயிர்பெறுகிறது என்றால், பெரும்பாலும் செல்கள் இந்தச் சுமையைத் தாங்காமல் வோல்ட் சரிந்திருக்கிறது என்று பொருள். ஆகவே கொள்ளளவு போதுமானதாக இருந்தாலும், பக்கவாட்டில் எத்தனை செல்கள் என்று கேட்பது அவசியம்.

செல்களைக் காவல் காக்கும் மின்சுற்றுப் பலகையே பிஎம்எஸ். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறுவதையும், அளவுக்குக் கீழே இறங்குவதையும், ஷார்ட் ஆவதையும் அது தடுக்கிறது. வரிசைகளுக்கு இடையே வோல்ட் வேறுபாடு வராமல் சமப்படுத்துகிறது. அது இடைவிடாமல் தாங்கும் ஆம்பியர் அளவு, கண்ட்ரோலரின் உச்ச ஆம்பியரைவிட ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 15 ஆம்பியர் கண்ட்ரோலருக்கு 20 ஆம்பியர் பிஎம்எஸ் சரியானது. வெப்பத்தை அளக்கும் சென்சார் உண்டா, அது பலகையின் மேல் அல்லாமல் செல்களோடு ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். சில நூறு ரூபாய் கூடுதலானாலும் புளூடூத் வசதியுள்ள பிஎம்எஸ்ஸையே நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் ஒவ்வொரு வரிசையின் வோல்டையும் கைபேசியில் பார்க்க முடியும்போது பேட்டரியின் உடல்நிலை நம் கையில் இருக்கிறது. முழுதாக ஏறிய பின் வரிசைகளுக்கு இடையே 0.03 வோல்டுக்குள் வேறுபாடு இருந்தால் நல்லது, 0.1 வோல்டைத் தாண்டி, நாளுக்கு நாள் அது கூடினால், ஏதோ ஒரு வரிசை தளர்கிறது.

சீட்டில் உள்ள எண் உண்மைதானா?

பணம் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

“36 வோல்ட், 20 ஆம்பியர்-மணி” என்று சீட்டு ஒட்டிய ஒரு என்எம்சி பேக் உங்கள் கையில் தரப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைத் தராசில் வைத்தால் 2.4 கிலோ காட்டுகிறது. உள்ளே இருப்பவை 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல்கள். இந்த அளவுச் செல்லில் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் மிகச் சிறந்ததே சுமார் 3.5 ஆம்பியர்-மணிதான், ஒன்றின் எடை 48 கிராம் அளவில் இருக்கும். 20 ஆம்பியர்-மணி வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஆறு, வரிசையில் பத்து என்று 60 செல்கள் தேவை. செல்களின் எடை மட்டுமே சுமார் 2.9 கிலோ வந்துவிடுகிறது. அதன் மேல் நிக்கல் பட்டை, செல் தாங்கி, பிஎம்எஸ், ஒயர், பெட்டி எல்லாம் சேர்ந்தால் மூன்றரைக் கிலோவுக்குக் குறைய வழியில்லை. பரவலாகப் பயன்படும் 2.6 ஆம்பியர்-மணி செல்கள் என்றால் 80 தேவைப்படும், செல் எடையே மூன்றரைக் கிலோவைத் தாண்டும். ஆக, 2.4 கிலோ பேக்கில் 20 ஆம்பியர்-மணி இருக்கவே முடியாது. பெட்டியைத் திறக்காமலே, தராசை மட்டும் கொண்டு இதைச் சொல்லிவிடலாம்.

எளிதாக நினைவில் கொள்ள, 1,000 வாட்-மணிக்கு என்எம்சி பேக் ஐந்து கிலோவுக்குக் குறைந்தாலும், எல்எஃப்பி பேக் ஏழு கிலோவுக்குக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். எடை சரியாக இருந்தாலேயே உள்ளே இருப்பது நல்ல செல் என்று முடிவுசெய்துவிட முடியாது. பழைய மடிக்கணினி பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்களுக்குப் புதுப் பிளாஸ்டிக் உறை மாட்டினாலும் எடை அதேதான் இருக்கும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கண்முன்னே பேக் கட்டித் தரும் கடைகளில், வெல்டிங் செய்வதற்கு முன் செல்களைக் காட்டச் சொல்லுங்கள். செல்லின் முனையில் முன்பே வெல்டிங் செய்து பிய்த்த தழும்போ, தேய்த்து மெருகேற்றிய தடமோ இருந்தால் அது பயன்படுத்திய செல். 18650 செல்லின் மேல் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்பது போன்ற எண் அச்சிட்டிருந்தால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். செல்லின் நிறுவனமும் மாடல் எண்ணும் என்ன என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி, அதையே பில்லிலும் எழுதித் தரும் கடைக்காரருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

செல்களுக்கு இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 16046 பதிவு இருக்க வேண்டும். பதிவெண் தேவைப்படும் இருசக்கர மின்வாகனங்களின் பேட்டரிகளுக்கு ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்புத் தரம் கட்டாயம்; 2022இல் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு அது கடுமையாக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதலும், 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் கட்டுக்கடங்காமல் சூடேறினால் தீ மற்ற செல்களுக்குப் பரவாமல் பேக் தாங்குகிறதா என்பதும் அந்தச் சோதனைகளில் அடக்கம். குறைவேக வண்டிக்கு வாங்கும் பேக்கும் இந்தத் தரத்தில் தேறியது என்றால், அதற்கே முன்னுரிமை கொடுங்கள்; சான்றிதழின் நகலைக் கேட்டு, அதில் உள்ள மாடல் பெயரும் பெட்டியில் உள்ள மாடல் பெயரும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

வாங்கி வந்த பின் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவர் பிளக்கில் செருகி மின்செலவை அளக்கும் சிறிய மீட்டர்கள் கிடைக்கின்றன. பேட்டரி தானாக நிற்கும் வரை ஒருமுறை ஓட்டிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டு, இந்த மீட்டர் வழியாக முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜரில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை வெப்பமாக வீணாகும் என்பதால், 500 வாட்-மணி பேட்டரி நிரம்ப சுவரிலிருந்து 560 முதல் 590 வாட்-மணி வரை, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல், எடுக்க வேண்டும். மீட்டர் 400 மட்டுமே காட்டினால் உங்களிடம் இருப்பது 350 வாட்-மணி பேட்டரிதான். முதல் வாரத்திலேயே இதைச் செய்து, மீட்டர் காட்டும் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால், கடைக்காரரிடம் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும்.

சார்ஜர்

பேட்டரியோடு அதற்கே உரிய சார்ஜரையும் வாங்க வேண்டும்; பழையது இருக்கிறதே என்று மிச்சம் பிடிக்கக் கூடாது. 36 வோல்ட் என்எம்சிக்கு 42 வோல்ட் சார்ஜர், 13 வரிசை கொண்ட 48 வோல்ட் என்எம்சிக்கு 54.6 வோல்ட், 16 வரிசை எல்எஃப்பிக்கு 58.4 வோல்ட். கடைசி இரண்டின் முனைகளும் பல சமயம் ஒரே வடிவத்தில் இருக்கும். எல்எஃப்பி சார்ஜரை என்எம்சி பேக்கில் தவறுதலாகச் செருகினால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.49 வோல்ட் போகப் பார்க்கும், 4.2 தான் எல்லை. அந்த நேரத்தில் வீட்டுக்கும் தீக்கும் நடுவே நிற்பது பிஎம்எஸ் ஒன்றே. வீட்டில் இரண்டு வண்டிகள் இருந்தால் சார்ஜர்களின் மேல் பெயர் எழுதி ஒட்டுவதோடு, முனைகளையும் வேறுவேறாக மாற்றிவிடுங்கள். ஈய-அமில சார்ஜர், வோல்ட் நெருக்கமாக இருந்தாலும், லித்தியத்துக்குப் பொருந்தாது. பேட்டரி நிறைந்த பிறகும் அது மின்சாரத்தை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

2 ஆம்பியர் சார்ஜரில் 14 ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்ப ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் ஒருமுறை போட்டாக வேண்டும் என்பவர் 4 ஆம்பியர் சார்ஜர் வாங்கலாம், பேக் அதை ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி உயிரிழந்தார்கள். ஆகையால் எவ்வளவு நல்ல பேட்டரியாக இருந்தாலும், உறங்கும் அறையிலும், மாடிப்படிக்குக் கீழேயும், வெளியேறும் ஒரே கதவுக்கு அருகிலும் சார்ஜ் போடக் கூடாது. ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. பெரும்பாலான லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரிதான் எல்லை. மே மாத வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் இருக்கைப் பெட்டி அதைத் தாண்டியிருக்கும்.

இடம், மழை, உத்தரவாதம்

பேட்டரி வைக்கும் இடத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, ஒயரும் கனெக்டரும் மடங்காமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது விட்டுவிடுங்கள். ஸ்கூட்டரில் ஈயப் பேட்டரிகள் இருந்த இடத்தில் லித்தியம் பேக் சிறியதாகத்தான் இருக்கும். மிச்ச இடத்தில் ரப்பரோ கெட்டியான ஃபோமோ வைத்து அது ஆடாமல் இறுக்க வேண்டும். ஆடும் பேக்கில் வெல்டிங் விடுபடுவது உறுதி. சைக்கிளுக்கு கேரியரில் வைப்பதைவிட நடுச் சட்டத்தில் பொருத்துவது நல்லது, எடை தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும்.

வெறும் பிளாஸ்டிக் சுருக்கு உறை மட்டும் போட்ட பேக்கை வண்டியில் வைக்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழையில் முட்டளவு தண்ணீர் நிற்கும் தெருக்கள் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் மட்டுமா இருக்கின்றன? கால் வைக்கும் பலகைக்கு அடியில் பேட்டரி இருக்கும் ஸ்கூட்டர்களுக்கு ஐபி 67 தரம் வேண்டும். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே நீர் புகாது என்பதே அதன் பொருள். அந்தத் தரம் இல்லாத பேக் நீரில் மூழ்கிவிட்டால், வெளியே உலர்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜ் போடாமல், வீட்டுக்கு வெளியே வைத்து, கட்டியவரிடமே திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது ஒரு பேக்குக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஒரு வாட்-மணிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பாருங்கள். வீட்டுச் சோதனையில் தெரிந்த உண்மையான வாட்-மணியைக் கொண்டு வகுத்தால் மலிவான பேக் மலிவாக இருக்காது என்பது பல சமயம் தெரியவரும். உத்தரவாதச் சீட்டில் ஆண்டுக் கணக்கைவிட முக்கியமானது, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரி. அந்த வரியே இல்லாத உத்தரவாதம், பேட்டரி அடியோடு செத்தால் மட்டுமே பயன்படும். பில்லில் பேக்கின் வரிசை எண் இருக்கட்டும். பழுது பார்க்கும் இடம் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கட்டும், ஏனென்றால் லித்தியம் பேட்டரியைக் கூரியரில் அனுப்புவது எளிதல்ல.

கழற்றிய பழைய பேட்டரிக்கும் வழி செய்தாக வேண்டும். ஈயப் பேட்டரிகளைக் கடைக்காரரே எடைக்கு எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கழித்துக்கொள்வார். லித்தியம் பேக்கைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. அங்கே சுத்தியலால் உடைக்கும்போது தீப்பிடிக்கும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஆகவே புதியது வாங்கும் கடையிலேயே, பில் போடுவதற்கு முன், பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். அவர்கள் வாங்கிக்கொள்ளும் நாள் வரை, கனெக்டர் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, மழையும் வெயிலும் படாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வைத்திருங்கள்.